உப்பு காத்த பிளாட்டினம்

மருந்து பிறந்த கதை – 17

பார்னெட் ரோசன்பெர்க் மருத்துவர் அல்ல, இயற்பியல்காரர். 1961-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். செல் இரண்டாகப் பிரியும்போது நுண்ணோக்கியில் தெரியும் கோடுகள், காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் அணிவகுப்பதைப் போல அவர் கண்ணுக்குப் பட்டன. மின்சாரத்துக்கும் செல் பிரிவதற்கும் தொடர்பு இருக்குமோ? ஈ.கோலி பாக்டீரியா வளரும் திரவத்துக்குள் பிளாட்டினம் மின்முனைகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சினார். பிளாட்டினம் எதனோடும் ஒட்டாத, சாதுவான உலோகம் என்பது அவர் நம்பிக்கை.

நல்லவேளை, அந்த நம்பிக்கை பொய்த்தது.

ஆய்வுக்கூட உதவியாளர் லொரெட்டா வான்கேம்ப் பார்த்தபோது பாக்டீரியாக்கள் வளர்ந்திருந்தன, ஆனால் பிரியவில்லை. சில, இயல்பைவிட 300 மடங்கு வரை நீண்டு சேமியாபோல் கிடந்தன. ‘மின்சாரத்தின் வேலை’ என்று எழுதி மூடியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர்கள் விடவில்லை. மின்சாரம் பாய்ச்சி நிறுத்திய பழைய திரவத்தில் புதிய பாக்டீரியாவை விட்டார்கள். அதுவும் நீண்டது! அப்படியானால் காரணம் மின்சாரம் இல்லை, திரவத்தில் கரைந்திருக்கும் ஏதோ ஒன்று.

மின்முனையிலிருந்து துளித்துளியாகக் கரைந்த பிளாட்டினம், திரவத்திலிருந்த அம்மோனியாவோடும் குளோரைடோடும் கைகோத்திருந்தது. 1965-ல் ‘நேச்சர்’ இதழில் முதல் கட்டுரை வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சேர்மத்தை மிக்கேலே பெய்ரோனே என்ற இத்தாலியர் 1840-களிலேயே தயாரித்துவிட்டார். நூறாண்டுக்கு மேல் அது வேதியியல்காரர்களின் பொருளாகவே இருந்தது. மருந்தாக யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. இன்று அதன் பெயர் சிஸ்பிளாட்டின்.

நடுவில் ஒரு பிளாட்டினம் அணு. ஒரு பக்கம் இரண்டு அம்மோனியா, மறுபக்கம் இரண்டு குளோரைடு. அவ்வளவுதான் மூலக்கூறு. குளோரைடுகளை அடுத்தடுத்து வைக்காமல் எதிரெதிரே வைத்தால், அணுக்கள் அதேதான், மருந்தாகப் பயன்படாது.

சூட்சுமம் குளோரைடில் இருக்கிறது. நம் ரத்தம் உப்புக் கரிப்பது. அதில் குளோரைடு தாராளம். அதனால் ரத்தத்தில் போகும்வரை மருந்தின் குளோரைடுகள் பெரும்பாலும் கழன்றுபோவதில்லை. செல்லுக்குள் குளோரைடு மிகக் குறைவு. அங்கே போனதும் அவை கழன்று, அந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்காருகிறது. இப்போதுதான் பிளாட்டினத்துக்கு வேகம் பிறக்கிறது. டி.என்.ஏ. இழையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், குவானின் என்னும் இரண்டு அலகுகளைப் பற்றிக்கொள்கிறது. இழை வளைந்துபோகிறது. செல் பழுதுபார்க்க முயல்கிறது. முடியாவிட்டால் தன்னையே அழித்துக்கொள்கிறது. எதிரெதிர் குளோரைடு மூலக்கூறால் இந்தப் பிடியைப் போட முடியாது.

இந்த மருந்தைச் சலைன் எனும் உப்புநீரில் கலந்து ஏற்றுவதும் இதனால்தான். வெறும் தண்ணீரில் அது பாட்டிலிலேயே குளோரைடை இழக்கத் தொடங்கிவிடும். அலுமினியம் பட்ட ஊசியும் கூடாது. மருந்து அதோடு வினைபுரிந்து கெட்டுவிடும்.

பாக்டீரியா பிரிவதைத் தடுக்கும் பொருள் புற்றுநோய்ச் செல்கள் பிரிவதையும் தடுக்குமோ என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டிகள் கரைந்தன. 1970-களின் தொடக்கத்தில் மனிதர்களுக்குக் கொடுத்தபோதுதான் பூதம் கிளம்பியது. சிறுநீரகம் பழுதானது. வாந்தியோ நிற்கவே இல்லை. மருந்தை ஓரங்கட்டிவிடும் பேச்சும் எழுந்தது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவர்கள் ஒரு வழி கண்டார்கள்: ஏராளமாகச் சலைன் ஏற்றி, மானிட்டாலும் கொடுத்துச் சிறுநீரைப் பெருக்குவது. மருந்து சிறுநீரகத்தில் தேங்காமல் கழுவப்பட்டது. என்னைக் கேட்டால், பிளாட்டினத்தைக் கண்டதற்குச் சற்றும் குறையாத சாதனை இது. இரண்டாவதற்கு மட்டும் யாரும் கதை சொல்வதில்லை.

1974-ல் இண்டியானா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஐன்ஹார்ன், பரவிவிட்ட விதைப்பைப் புற்றுநோய்க்கு வின்பிளாஸ்டின், பிளியோமைசின் ஆகிய மருந்துகளோடு சிஸ்பிளாட்டினைச் சேர்த்துக் கொடுத்தார். அதுவரை பத்தில் ஒருவர் பிழைத்தாலே பெரிது. அவருடைய முதல் தொகுதி நோயாளிகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு நோயின் தடயமே இல்லாமல் போனது. 1978 டிசம்பரில் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

பிறகு தம்பிகள் வந்தார்கள். 1989-ல் கார்போபிளாட்டின்: குளோரைடுக்குப் பதிலாக எளிதில் கழலாத வேறொரு பிடி, சிறுநீரகத்துக்குச் சற்று இதமானது, ஆனால் ரத்த அணுக்களைக் குறைக்கும். ஜப்பானில் யோஷினோரி கிதானி உருவாக்கிய ஆக்ஸாலிபிளாட்டின் பெருங்குடல் புற்றுக்கு வந்தது. அதை எடுப்பவர்களுக்குக் குளிர்ந்த டம்ளரைத் தொட்டாலே விரல் சுரீரென்கும்.

சிஸ்பிளாட்டின் இன்றும் செவித்திறனைப் பறிக்கக்கூடியது. போன கேட்கும் திறன் பெரும்பாலும் திரும்புவதில்லை. ஆகவே பிளாட்டினம் மருந்து ஏற்றிக்கொள்பவர்கள் காதில் இரைச்சல், விரல் மரத்துப்போதல், சிறுநீர் குறைதல் எது தெரிந்தாலும், ‘மருந்துன்னா இப்படித்தான் இருக்கும்’ என்று பொறுத்துக்கொள்ளாமல், அடுத்த ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

(தொடரும்)