ஒருமையக் கோளங்களில் மின்னேற்றம் காணல்

ஒன்றினுள் ஒன்றாக ஒரே மையத்தில் அமைந்த கடத்திக் கோளங்களின் மின்னேற்றங்களை, அவற்றுக்கு இடையிலும் வெளியிலும் அளந்த மின்புலச் செறிவிலிருந்து கணிக்கும் முறை. வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் தமிழ்மொழி மூல உயர்தர மாணவர்கள் இதைப் பௌதிகவியலில் கவுசின் தேற்றத்தோடு சேர்த்துக் கற்கின்றனர்.

மையத்திலிருந்து ஒரு தூரத்தில் உள்ள புலம், அத்தூரத்துக்கு உட்பட்ட மொத்த ஏற்றத்தை மட்டுமே காட்டும். இரு கோளங்களுக்கும் இடையே, மையத்திலிருந்து 10 சென்ரிமீற்றரில் புலம் வெளிநோக்கிக் கூலோமுக்கு 9000 நியூட்டன் என்றால் உட்கோளத்தின் ஏற்றம் +10 நனோகூலோம். வெளியே 30 சென்ரிமீற்றரில் அது உள்நோக்கி 2000 என்றால் மொத்த ஏற்றம் −20. ஆகவே வெளிக்கோளத்தில் இருப்பது −30. அதில் −10 அதன் உட்பரப்பிலும் −20 வெளிப்பரப்பிலும் தங்கும். −20ஐயே வெளிக்கோளத்தின் ஏற்றமாக எழுதிவிடுவது வழக்கமான பிழை.

வரலாறு இதற்கு எதிர்த்திசையில் நடந்தது. மாணவர் மின்விசையின் நேர்மாறு வர்க்க விதியைக்கொண்டு ஏற்றத்தைக் காண்கிறார். இங்கிலாந்தின் ஹென்றி கவென்டிஷ் 1773 அளவில் ஏற்றம் இல்லாததைக்கொண்டு விதியைக் கண்டார். 12.1 அங்குல விட்டமுள்ள கோளத்தை, வெள்ளீயத் தாள் ஒட்டிய இரு மட்டை அரைக்கோளங்களுக்குள் அடைத்து, இரண்டையும் கம்பியால் தொடுத்து ஏற்றமூட்டினார். பிறகு பட்டு நூலால் கம்பியை இழுத்தெடுத்து, அரைக்கோளங்களைத் திறந்து, உட்கோளத்தில் நெட்டி உருண்டைகளைத் தொடவைத்தார். அவை விலகவில்லை; அதாவது உட்கோளத்தில் ஏற்றம் இல்லை. விசை தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறானது, அடுக்கு 2இலிருந்து 50இல் ஒரு பங்குக்கு மேல் பிசகாது என்று முடிவுகண்டார். ஆனால் அதை அச்சிடவில்லை. 1785இல் முறுக்குத் தராசால் அதே விதியைக் காட்டிய கூலோமின் பெயரே அதற்கு நிலைத்தது; கவென்டிஷின் குறிப்புகளை மக்ஸ்வெல் 1879இல்தான் வெளியிட்டார்.

பரடே 1837இல் ஒருமையக் கோளங்களின் இடைவெளியில் அரக்கும் கந்தகமும் இட்டு மின்கொள்ளளவை ஒப்பிட்டார். 1843இல் அவர் செய்த பனிக்கட்டி வாளிச் சோதனை, உள்ளே வைத்த ஏற்றத்துக்குச் சமமும் எதிருமானது உட்பரப்பில் தூண்டப்படுவதைக் காட்டியது. மேற்கண்ட கணக்கின் −10 அதுவே. 1835இல் கவுஸ் எழுதிய தேற்றம் அவர் இறந்தபின், 1867இல் அச்சேறியது. 1971இல் வில்லியம்ஸ், ஃபல்லர், ஹில் ஆகியோர் ஒன்றினுள் ஒன்றான ஓடுகளைக் கொண்டே சோதித்தபோது, அடுக்கின் பிசகு ஏறத்தாழ 10இன் −16ஆம் அடுக்கு அளவுக்குள் அடங்கியது.

வகுப்பில் கவென்டிஷின் சோதனையைச் செய்துகாட்ட விரும்பும் வன்னி ஆசிரியர் மாரி மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. ஈரக் காற்றில் தாங்கிகளின் மேற்பரப்பு வழியே ஏற்றம் கசிந்துவிடும். சோளகம் வீசும் வறண்ட நாட்களே ஏற்றவை.