தஅபியா: பக்தாத் சதுரங்கத்தின் ஆரம்ப நகர்த்தல்கள்



சதுரங்கம் பழகும் நம் பிள்ளைகளிடம் "ஓப்பனிங்" பற்றிக் கேட்டால் சிசிலியன், இத்தாலியன், லண்டன் என்று மூச்சு விடாமல் ஒப்புவிப்பார்கள். எல்லாம் ஐரோப்பியப் பெயர்கள். ஆனால் ஆரம்ப நகர்த்தல்களுக்குப் பெயர் வைத்து, எது நல்லது எது பலவீனம் என்று நூல் எழுதும் வழக்கம் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அப்பாஸிய கலீபாக்களின் காலத்தில் இருந்தது. அதை அவர்கள் தஅபியா என்றார்கள். படையை அணிவகுத்து நிறுத்துதல் என்று பொருள்.

ஓப்பனிங்குக்கு ஏன் அணிவகுப்பு என்று பெயர்? அன்றைய ஷத்ரன்ஜின் விதிகளைப் பார்த்தால் விளங்கும். இந்தியாவிலிருந்து பாரசீகம் போய், அங்கிருந்து அரபிகளிடம் வந்த ஆட்டம் அது. இன்று இராணி நிற்கும் இடத்தில் ஃபிர்ஸான் என்ற அமைச்சர். மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம்தான் போவார். பிஷப்பின் இடத்தில் ஃபீல், அதாவது யானை. மூலைவாட்டில் இரண்டாம் கட்டத்துக்குத் தாவும். 64 கட்டங்களில் ஒரு யானைக்கு எட்டுவது 8 கட்டங்கள் மட்டுமே. பலகையின் நான்கு யானைகளில் எந்த ஒன்றும் இன்னொன்றை வெட்டவே முடியாது. (நம்பாதவர்கள் பலகையை எடுத்து வைத்துப் பாருங்கள்!) சிப்பாய்க்கு முதல் நகர்வில் இரண்டு கட்டம் போகும் சலுகையும் இல்லை. குதிரையும் ருக்கும் இன்று போலவே நகரும். "ரூக்" என்ற பெயரே அந்த ருக்கிலிருந்து வந்ததுதான்.

ஆகவே நான்கு நகர்வில் மாட் வைக்கும் கதையெல்லாம் அங்கே நடக்காது. இரு தரப்பும் தத்தம் பாதிப் பலகைக்குள் பத்துப் பன்னிரண்டு நகர்வுகள் செலவழித்து அணியைக் கட்டிய பிறகுதான் மோதல். எந்த அணியைக் கட்டுவது என்பதுதான் கேள்வி. முஜன்னஹ் என்றால் சிறகுள்ளது. ஸய்யால் என்றால் பெருக்கெடுத்து ஓடுவது. மஷாயிகி, ஷெய்குமாருடையது. பெயர்களே ஆட்டத்தின் குணத்தைச் சொல்கின்றன. ஆனால் பெயரை மனனம் செய்தால் போதாது. என் அணி முடிய எத்தனை நகர்வு வேண்டும், அதற்குள் எதிராளி முந்திவிடுவானா, பலகையிலேயே பலம் கூடிய ருக்குக்கு எந்த வரிசை திறக்கும் என்று கணக்குப் பார்க்க வேண்டும். மெதுவான ஆட்டம் என்பதால் பிழை மன்னிக்கப்படும் என்று நினைக்க வேண்டாம். தப்பாக வைத்த சிப்பாய் அன்றும் பின்னால் வராது.

இத்துறையில் முதலில் பெயர் பெற்ற நூலாசிரியர் 9ஆம் நூற்றாண்டின் அல்-அத்லி. அவருடைய நூலைக் குறை கண்டு எழுதியவர் அபூபக்ர் அஸ்-ஸூலி. ஸூலி வெறும் ஆட்டக்காரர் அல்லர். வரலாற்றாசிரியர், பின்னாளில் கலீபாவான அர்-ராழியின் ஆசிரியர். (ஆசிரியர்களான எங்களுக்கு இதில் கொஞ்சம் பெருமைதான்.)

கலீபா அல்-முக்தஃபியின் (902-908) அவையில் அல்-மாவர்தி என்பவர்தான் செல்லப்பிள்ளை. ஸூலியை அவரோடு மோதவிட்டபோது கலீபா வெளிப்படையாகவே மாவர்தியின் பக்கம் நின்று உற்சாகப்படுத்தினார். ஸூலி முதலில் தடுமாறினார். பிறகு சுதாரித்து, யாரும் மறுபேச்சுப் பேச முடியாதபடி வென்றார். மாவர்த் என்றால் பன்னீர். அந்தப் பெயரை வைத்தே கலீபா தன் பழைய செல்லப்பிள்ளையை நையாண்டி செய்ததாக மஸ்ஊதி எழுதுகிறார். ஸூலியின் மாணவர் அல்-லஜ்லாஜ் (திக்குவாயர் என்று பொருள்) முஜன்னஹ் அணியை எடுத்து, எதிராளி இப்படி ஆடினால் இது, அப்படி ஆடினால் அது என்று கிளை கிளையாக ஆராய்ந்து எழுதினார். இன்றைய ஓப்பனிங் நூல்களும் இதே முறையில்தான் எழுதப்படுகின்றன.

15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் இராணியும் பிஷப்பும் நெடுந்தூரம் பாயத் தொடங்கியதும் பழைய அணிகள் அழிந்தன. மூன்றாம் நகர்விலேயே தாக்குதல் வரும்போது யார் பன்னிரண்டு நகர்வு பொறுத்திருப்பார்? ஆனாலும் ஓப்பனிங் முடிந்து உண்மையான ஆட்டம் தொடங்கும் வழக்கமான நிலையைக் கிராண்ட்மாஸ்டர்கள் இன்றும் "தபியா" என்றே அழைக்கிறார்கள்.