தகட்டு முறிவுக் கணிப்பு

உலோகத் தகட்டை அச்சில் அழுத்தும்போது அது எங்கே கிழியும் என்பதை, அச்சைக் கடைவதற்கு முன்பே கணினியில் கணக்கிட்டு அறிவதே தகட்டு முறிவுக் கணிப்பு. கார் கதவின் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டர்கூடக் கனம் இருக்காது. அதை அழுத்தும் அச்சோ டன் கணக்கில் எடையுள்ள எஃகு. கடைந்து முடித்த பிறகு தகடு கிழிந்தால் அச்சைத் திருத்த வாரக்கணக்கில் ஆகும்.

தகடு கிழிவதற்கு முன் அறிகுறி காட்டும். முதலில் பரவலாக மெலியும்; பிறகு அந்த மெலிவு ஒரு குறுகிய பட்டையில் குவியும். பொறியாளர்கள் இதைக் கழுத்து ஒடுங்கல் என்கிறார்கள். விரிசல் விழுவது பெரும்பாலும் அந்தப் பட்டையில்தான். அதனால் ஒடுங்கல் எப்போது தொடங்கும் என்பதையே தேட வேண்டியிருக்கிறது.

1960களில் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் கீலர் தகட்டின் மீது சிறு வட்டங்களைப் பதித்து அழுத்திப் பார்த்தார். வட்டம் நீள்வட்டமாக மாறும். அதன் நீள அகலங்களை அளந்தால் அந்த இடம் எவ்வளவு திரிந்தது என்பது தெரிந்துவிடும். எத்தனை எளிய, அழகான உத்தி! இரு திசையிலும் இழுபடும் தகட்டின் எல்லையைக் கீலர் வரைந்தார். ஒரு திசையில் நீண்டு மறுதிசையில் சுருங்கும் பாதியை 1968இல் குட்வின் என்பவர் நிரப்பினார். இரண்டும் சேர்ந்த எல்லைக்கோடு நடுவில் பள்ளம் விழுந்து காணப்படும். ஒரு திசையில் மட்டும் நீண்டு மறுதிசையில் மாறாத நிலை ஏறத்தாழ அந்தப் பள்ளத்தில் வருகிறது. தகடு மிகக் குறைவாகத் தாங்குவது அங்கேதான்.

போலந்தின் மார்சினியாக்கும் குசின்ஸ்கியும் 1967இல் ஒடுங்கலுக்கு ஒரு கோட்பாடு தந்தார்கள். தகட்டில் முன்பே இருக்கும் நுண்ணிய மெலிவே வளர்ந்து ஒடுங்கலாகிறது என்பது அதன் சாரம்.

கணினி தகட்டை ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகப் பிரித்து, உராய்வு, தகட்டைப் பிடித்துவைக்கும் விசை, திசைக்குத் திசை மாறும் உலோகத்தின் குணம் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொன்றின் திரிபையும் கணக்கிடுகிறது. எல்லைக்கோட்டைத் தாண்டிய கூறு திரையில் சிவப்பாகத் தெரியும்; தாண்டாதது பச்சையாகத் தெரியும்.

பச்சையாகத் தெரிவதையெல்லாம் நம்பிவிடக் கூடாது. எல்லைக்கோடு ஒரே சீராக இழுத்த தகட்டுக்கானது. முதலில் ஒரு விதமாகவும் பிறகு வேறு விதமாகவும் இழுத்தால் கோடே இடம் பெயரும். அதிவலிமை எஃகில் இன்னொரு சிக்கல்: வெட்டிய விளிம்பு, ஒடுங்கல் தெரியும் முன்பே பிளக்கக்கூடும். எல்லைக்கோடு இதைக் காட்டாது. இதற்கு ஐஎஸ்ஓ 16630 என்ற தனிச் சோதனை உண்டு. தகட்டில் 10 மில்லிமீட்டர் துளையிட்டு, 60 டிகிரிக் கூம்பால் விரிப்பார்கள். விரிசல் தகட்டின் கனம் முழுவதும் ஊடுருவும்போது துளையின் விட்டம் எத்தனை சதவீதம் கூடியிருக்கிறதோ, அதுவே அந்த விளிம்பின் தாங்குதிறன்.