சின்னஞ்சிறு நிரல்பெயர்ப்பியின் வரலாறு

2015ஆம் ஆண்டில், அன்று நம் பிரதமராக இருந்த திரு லீ சியன் லூங், சுடோக்குப் புதிருக்கு விடை காணத் தாம் எழுதிய கணினி நிரலைப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட்டார். சி மொழியிலிருந்து கிளைத்த சி பிளஸ் பிளஸ் மொழியில் அது எழுதப்பட்டிருந்தது. ஆட்சித் தலைவர் ஒருவர் நிரல் எழுதுகிறார் என வியந்தோர் பலர். அந்நிரலுக்கும் கணினிக்கும் இடையே நின்று பணியாற்றிய கருவியை எண்ணிப் பார்த்தோர் சிலரே. அதனைக் கம்பைலர் என்பர். தமிழில் நிரல்பெயர்ப்பி எனலாம்.

ஒன்றும் சுழியுமாகிய எண்வரிசையன்றிக் கணினி வேறு மொழி அறியாது. மனிதர் எழுதும் நிரலை அவ்வெண்மொழிக்கு மாற்றித் தருவதே நிரல்பெயர்ப்பியின் கடமை. நம் நீதிமன்றங்களில் சாட்சி பேசப் பேச உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர் உண்டு. நிரல்பெயர்ப்பியோ நூல் முழுவதையும் முன்னதாகவே பெயர்த்து முடித்துக் கையில் தரும் அறிஞரைப் போன்றது.

சி மொழியை 1972ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர் டென்னிஸ் ரிட்சி. 1973இல் யூனிக்ஸ் இயக்கமுறைமையின் உட்கரு அம்மொழியிலேயே திருத்தி எழுதப்பட்டது. அக்காலக் கணினிகளின் நினைவகம் மிகச் சிறிது. ஆகவே மொழியும் அதன் நிரல்பெயர்ப்பியும் சிக்கனமாகவே பிறந்தன. 1980இல் ரான் கெய்ன் என்பவர் ஸ்மால் சி என்னும் நிரல்பெயர்ப்பியை எழுதினார். அதன் மூலநிரல் முழுவதும் ஓர் இதழின் பக்கங்களில் அச்சாயிற்று என்றால், அதன் சிறுமையை உணரலாம்.

காலம் செல்லச் செல்லக் கணினிகள் வளர்ந்தன, நிரல்பெயர்ப்பிகளும் பெருத்தன. ரிச்சர்டு ஸ்டால்மன் 1987இல் வெளியிட்ட ஜிசிசி நாளடைவில் இலட்சக்கணக்கான வரிகள் கொண்ட பெருங்கோட்டையாக உயர்ந்தது. அது விளைத்த நன்மை பெரிது. எனினும், தனியொருவர் முற்றும் படித்தறியக்கூடிய எல்லையை அது கடந்துவிட்டது.

இந்நிலையில் பிரெஞ்சு நாட்டவரான ஃபப்ரீஸ் பெல்லார் எதிர்த்திசையில் நடந்தார். புரியாதவாறு சி நிரல் எழுதும் பன்னாட்டுப் போட்டி ஒன்று உண்டு. இடைவெளிகளும் சில குறியீடுகளும் நீங்கலாக 2048 பைட்டுக்குள் நிரல் அடங்க வேண்டும் என்பது அதன் அன்றைய விதிகளுள் ஒன்று. 2001ஆம் ஆண்டுப் போட்டியில், தன்னைத் தானே பெயர்த்துக்கொள்ளவல்ல ஒரு நிரல்பெயர்ப்பியை அவ்வளவுக்குள் அடக்கிப் பரிசு வென்றார் பெல்லார். விளையாட்டாய்த் தோன்றிய அவ்விதையே பின்னர் டைனி சி கம்பைலர், சுருக்கமாக டிசிசி, என வளர்ந்தது.

டிசிசியின் அளவு ஏறத்தாழ 100 கிலோபைட். மூலநிரலை ஒரே முறை வாசித்து, வாசிக்கும்போதே எந்திர மொழியை எழுதிச் செல்வது அதன் வேகத்தின் மறைபொருள். 2004இல் பெல்லார் செய்துகாட்டிய சோதனை இதற்குச் சான்று. கணினியை முடுக்கியதும் லினக்ஸ் உட்கருவின் மூலநிரலை டிசிசி ஏறத்தாழ 15 விநாடிகளில் பெயர்த்து முடிக்க, அவ்வுட்கரு உடனே இயங்கத் தொடங்கியது. இவ்வேகத்திற்கு விலையும் உண்டு. ஜிசிசி நிரலைச் செதுக்கிச் செம்மைசெய்து தருகிறது. டிசிசி அவ்வாறு செய்வதில்லை. ஆதலால் அது தரும் நிரல் சற்று மெதுவாகவே ஓடும்.

பின் இச்சிறு கருவியால் என்ன பயன் எனலாம். யூனிக்ஸைப் படைத்தோருள் ஒருவரான கென் தாம்சன் 1984இல் ஓர் எச்சரிக்கை விடுத்தார். நிரல்பெயர்ப்பிக்குள் ஒருவர் வஞ்சகத்தை ஒளித்துவைத்தால், அது தான் பெயர்க்கும் நிரல்களிலும், தன் அடுத்த பதிப்பிலும் அதனைப் புகுத்தும். மூலநிரலைத் துருவிப் படிப்பவர் கண்ணுக்கு யாதொரு பிழையும் தென்படாது என்றார். இவ்வையம் தீர வேண்டுமாயின், அடிமுதல் ஒவ்வொரு படியையும் மனிதர் படித்துப் பார்த்தே ஏற வேண்டும். கீக்ஸ் என்னும் திட்டத்தினர் 2023இல் இதனைச் செய்துகாட்டினர். வெறும் 357 பைட் அளவுள்ள விதை நிரலில் தொடங்கிப் படிப்படியாக ஏறி ஜிசிசியை எட்டினர். அவ்வேணியின் இன்றியமையாத படிகளுள் ஒன்று டிசிசி. பெருங்கோட்டைக்கு நம்பிக்கை அளித்தது சிறு படியே.

இவ்வரலாறு சிறுபான்மைச் சமூகமாகிய நமக்கு அயலானதன்று. பிறர் செய்த கருவி தமிழை ஏற்கும் நாள்வரை காத்திராமல், எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி கணியன் முறையை உருவாக்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு நான்கு மொழிகளிலும் இணையமேறியபோது, தமிழும் அவற்றுள் ஒன்றாய் நின்றது. 1997 மே மாதம் தமிழ் இணைய மாநாடு இந்நகரிலேயே கூடிற்று. அவரிடம் பெரும்படை இல்லை. கருவியின் உள்ளமைப்பை அறியும் துணிவு இருந்தது.

இன்று தேக்காவில் நடமாடும் நம் மாணவர் ஒவ்வொருவர் கையிலும் கணினி இருக்கிறது. அதனைப் பயன்படுத்தக் கற்பித்துவிட்டோம். திறந்து பார்க்கக் கற்பித்தோமா? முற்றும் படித்தறியக்கூடிய சிறு கருவி ஒன்றையேனும் அவர்கள் பள்ளிப் பருவத்தில் படிக்கட்டும். கருவியின் உட்பொருளை அறிந்தவரே அதனை ஆள்வர். அறியாதார் அதனால் ஆளப்படுவர்.