விரல் ரேகையும் பள்ளி வாயிலும்

ஒருவர் இன்னார் என்பதை ஐயமின்றி அறிந்துகொள்வது எக்காலத்தும் அரசுக்கும் வணிகருக்கும் இன்றியமையாததாக இருந்து வந்திருக்கிறது. முத்திரை மோதிரமும் கையொப்பமும் சாட்சியும் இதற்கெனத் தோன்றியவையே. ஆனால், மோதிரம் களவு போகலாம், கையொப்பத்தைப் பிறர் எழுதலாம், சாட்சி பிறழலாம். உடலோடு பிறந்த அடையாளமோ உடலை விட்டு எளிதில் நீங்குவதில்லை. இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு எழுந்ததே உடற்கூற்று அடையாள முறை. விரல் ரேகை, கருவிழி, முக அமைப்பு ஆகியவற்றுள் ஒன்றைக் கருவியால் அளந்து ஆளை அறியும் இம்முறை, இந்த நூற்றாண்டில் பல நாட்டு உயர்நிலைப் பள்ளிகளின் வாயில் வரை வந்துவிட்டது. பள்ளியின் பாதுகாப்புக்கு இது ஏற்றதுதானா? இவ்வினாவுக்கு விடை காண, இம்முறை கடந்து வந்த வழியைச் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

வங்காளத்தில் தொடக்கம்

1858ஆம் ஆண்டு. வங்காளத்தில் ஜங்கிப்பூர் என்னும் ஊரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி பணியாற்றி வந்தார். சாலை போடுவதற்கான பொருள்களைத் தருவதாக ராஜ்யதர் கோனாய் என்பவர் அவரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஒப்பந்தத் தாளில் கையெழுத்தோடு நில்லாமல், கோனாயின் உள்ளங்கையில் மை பூசி, அதன் பதிவையும் ஹெர்ஷல் வாங்கினார். பின்னர், 'இது என் கையெழுத்தன்று' என்று அவர் மறுத்துவிடக் கூடாது என்னும் அச்சமே இதற்குக் காரணம். 1877இல் ஹூக்ளியில் நீதித்துறை அதிகாரியாக இருந்தபோது, ஓய்வூதியம் பெறுவோரிடத்தும் பத்திரப் பதிவிலும் சிறையிலும் விரல் ரேகைப் பதிவை அவர் நடைமுறைப்படுத்தினார்.

ரேகைகளைச் சேர்ப்பது எளிது. சேர்த்தவற்றுள் வேண்டியதைத் தேடி எடுப்பதே அரிது. வங்காளக் காவல் துறைத் தலைவராயிருந்த எட்வர்டு ஹென்றியின் கீழ்ப் பணியாற்றிய அஸீஸுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்னும் இந்தியர் இருவர் இச்சிக்கலைத் தீர்ப்பதில் பெரும்பங்கு கொண்டனர். பத்து விரல்களின் ரேகைகளை 1,024 பிரிவுகளாக வகுக்கும் முறை இவ்வாறு உருவாயிற்று. 1897இல் கல்கத்தாவில் விரல் ரேகை நிலையம் தோன்றியது. 1901இல் லண்டன் காவல் துறையும் இம்முறையை மேற்கொண்டது. ஆயினும், முறைக்கு ஹென்றியின் பெயரே நிலைத்தது. ஒப்பந்தத்தை உறுதிப்படுத்தப் பிறந்த அடையாளம், குற்றவாளியைப் பிடிக்கும் கருவியாக மாறியதும் இக்காலத்தில்தான்.

திரான்ஸ்வாலில் எழுந்த வினா

தென்னாப்பிரிக்காவின் திரான்ஸ்வால் அரசு 1906இல் ஒரு சட்டத்தை முன்வைத்தது. அங்கு வாழும் இந்தியர் தங்கள் பெயரையும் விரல் ரேகையையும் பதிந்து சான்றிதழ் பெறவேண்டும் என்றது அச்சட்டம். எட்டு வயது நிரம்பிய சிறுவரும் இதற்கு விலக்கல்லர். அவர்களை விடச் சிறியவர்களைப் பெற்றோரே அழைத்து வந்து பதிவாளர் முன் நிறுத்தவேண்டும்.

இதனை எதிர்த்த காந்தியடிகள், விரல் ரேகை பற்றி ஹென்றி எழுதிய நூலையும் படித்துப் பார்த்தார். சட்டப்படி ரேகை கேட்கப்படுவது குற்றவாளிகளிடத்து மட்டுமே என்பதை அந்நூலிலிருந்து அறிந்துகொண்டார். குற்றமற்ற ஒரு சமூகம் முழுவதையும், அதன் குழந்தைகள் உள்பட, குற்றவாளிகளின் வரிசையில் நிறுத்துவதை அவர் ஏற்க மறுத்தார். 1908 ஜனவரியில் அவரோடு சிறை சென்றவர்களுள் மொரீஷியசில் பிறந்த தமிழரான தம்பி நாயுடுவும் ஒருவர்.

அதே மாத இறுதியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கட்டாயம் இன்றித் தாமாகவே பதிந்துகொள்ள இந்தியர் இசைந்தனர். பிப்ரவரி 10ஆம் நாள் பதிவுக்குச் சென்றுகொண்டிருந்த காந்தியடிகளை, இவ்வுடன்பாட்டை வெறுத்த ஒருவர் தாக்கினார். உடனிருந்த தம்பி நாயுடுவும் அடிபட்டார். காயமுற்ற நிலையிலும் பதிவாளரை வரவழைத்துத் தம் ரேகையைக் கொடுத்தார் காந்தியடிகள். பின்னர், அரசு வாக்குத் தவறிவிட்டது என்று கண்டதும், ஆகஸ்டு 16ஆம் நாள் சான்றிதழ்கள் தீயிலிடப்பட்டன.

இங்கே கருதத் தக்கது ஒன்று உண்டு. அதே கை, அதே ரேகை. விருப்பத்தோடு தந்தபோது அது இழிவாகவில்லை. கட்டாயத்தால் கேட்கப்பட்டபோதே இழிவாயிற்று. 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை இருந்ததா, இல்லையா என்பதே வேறுபாடு.

பள்ளிக்குள் வந்த கதை

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டானியப் பள்ளிகள் நூலகத்தில் புத்தகம் கொடுப்பதற்கும், பின்னர் உணவுச்சாலையில் கணக்கு வைப்பதற்கும் மாணவர் விரல் ரேகையைப் பயன்படுத்தலாயின. இதில் நன்மை இல்லாமல் இல்லை. மாணவர் அட்டையைத் தொலைப்பர்; விரலைத் தொலைப்பதில்லை. அட்டையைப் பிடுங்கிக்கொள்ளும் முரடனும் விரலைப் பிடுங்க முடியாது. இலவச உணவு பெறும் ஏழை மாணவன் யாரென்று வரிசையில் நிற்கும் மற்றவர்க்குத் தெரிவதுமில்லை.

பொதுவாக, கருவி ரேகையின் படத்தை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. கோடுகள் முடியும் இடங்களையும் பிரியும் இடங்களையும் குறித்து, எண்களாக மாற்றிச் சேமிக்கிறது. அடுத்த முறை விரலை வைக்கும்போது, புதிய குறிப்பைப் பழையதோடு ஒப்பிடுகிறது. இவ்வொப்பீடு தவறுவதும் உண்டு. உரியவரைத் தடுத்து நிறுத்தலாம். உரியரல்லாதவரை உள்ளே விடலாம். மேலும், கடவுச்சொல் களவு போனால் புதியதொன்றை வைத்துக்கொள்ளலாம். ரேகைக் குறிப்பு களவு போனால் புதிய விரலுக்கு எங்கே போவது? பன்னிரண்டு வயதில் நேர்ந்த இழப்பு வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடும்.

இதனை உணர்ந்தே 2012இல் பிரிட்டானிய நாடாளுமன்றம் இங்கிலாந்து, வேல்ஸ் பள்ளிகளுக்கென ஒரு விதி செய்தது. பெற்றோருள் ஒருவரேனும் எழுத்தில் இசைவு தரவேண்டும். பெற்றோர் இசைந்தாலும் மாணவர் மறுத்தால் பதிவு செய்தல் கூடாது. மறுத்தவர்க்கு வேறு வழி செய்து தருவதும் பள்ளியின் கடமையாகும்.

நீதிமன்றங்களும் அரசுகளும் கூறியவை

சுவீடனில் ஷெலெஃப்தியோ நகரத்து உயர்நிலைப் பள்ளி ஒன்று, 22 மாணவரின் வருகையை முகம் அறியும் கருவியால் சில வாரம் பதிந்து பார்த்தது. பெற்றோரின் இசைவைப் பெற்றிருந்தும், 2019இல் 2,00,000 குரோனர் தண்டம் விதிக்கப்பட்டது. பள்ளிக்கும் மாணவர்க்கும் உள்ள உறவு சமமானதன்று. ஆகவே அந்த இசைவு உரிமையோடு தந்த இசைவாகாது என்பது ஒரு காரணம். பிரான்சில் நீஸ், மார்சேய் நகரங்களின் இரு பள்ளிகளில் வாயிற் காவலுக்கென்றே இக்கருவியை அமைக்கத் திட்டமிட்டனர். 2020 பிப்ரவரியில் மார்சேய் நீதிமன்றம் அதனை நீக்கிவிட்டது. மாணவரின் இசைவு தடையற்றதன்று என்பதோடு, உடலை அளக்காத எளிய வழிகளால் வாயிலைக் காக்க இயலாது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்பதும் தீர்ப்பின் சாரம்.

அமெரிக்காவில் துப்பாக்கிச் சூட்டுக்கு அஞ்சி, நியூயார்க் மாநிலத்து லாக்போர்ட் நகரப் பள்ளிகள் 2020 ஜனவரியில் முகம் அறியும் கருவிகளை இயக்கின. அந்த ஆண்டின் இறுதியிலேயே மாநிலம் அதனை நிறுத்திவைத்தது. 2023இல் பள்ளிகளில் முகம் அறியும் கருவிக்குத் தடை விதித்தது. விரல் ரேகை போன்றவற்றை அந்தந்த வட்டாரப் பள்ளி நிருவாகத்தின் முடிவுக்கு விட்டது. பள்ளியில் புகுந்து சுட்டவர்களுள் பெரும்பாலோர் அந்தந்தப் பள்ளியின் மாணவர்களே என்பதை அப்போதைய ஆய்வறிக்கை எடுத்துக்காட்டியது. மாணவனைக் கருவி நன்றாகவே அறியும். 'இவன் நம் மாணவன்' என்று வழியும் விடும். வருபவர் யார் என்பதை அது சொல்லுமே அன்றி, எந்த எண்ணத்தோடு வருகிறார் என்பதைச் சொல்லாது.

விரல் ரேகைப் பதிவு தொடங்கிய இந்தியாவிலும் இவ்வினா எழாமல் இல்லை. பள்ளியில் சேர்வதற்கு ஆதார் எண்ணைக் கட்டாயமாக்குதல் கூடாது என்றும், குழந்தைப் பருவத்தில் பதிவு செய்யப்பட்டோர் உரிய வயதை அடைந்ததும் அதிலிருந்து விலகிக்கொள்ள வாய்ப்புத் தரவேண்டும் என்றும் 2018 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அடையாளக் கருவி தீயது என்று ஒதுக்கவேண்டுவதில்லை. மறுக்க இடமும் மறுத்தவர்க்கு மாற்று வழியும் இருக்குமாயின், அதனைப் பயன்படுத்துவதில் இழுக்கில்லை. ஆனால், மாணவனின் முகவாட்டத்தைக் கண்டு காரணம் கேட்கும் ஆசிரியரின் இடத்தை அது ஒருநாளும் நிரப்பாது. காவல் என்னும் பெயரால் குழந்தையைக் குற்றவாளியின் வரிசையில் நிறுத்துதல் கூடாது என்பதே, ஜங்கிப்பூரில் தொடங்கித் திரான்ஸ்வால் வழியாகப் பள்ளி வாயிலுக்கு வந்த இந்த நீண்ட வரலாறு உணர்த்தும் பாடமாகும்.