தஞ்சைத் தட்டும் எடைக்கல்லும்

ஊரை விட்டுப் புறப்படும் தமிழன் தன் நிலத்தை உடன் கொண்டு செல்ல இயலாது. தன் கோயிலையும் பெயர்த்துச் செல்ல இயலாது. ஆயின், குத்துவிளக்கை மறவாமல் எடுத்துச் செல்வான். தேஹு ரோட்டின் இராணுவத் தளவாடக் கிடங்குகளை நம்பி வந்து குடியேறிய நம் முன்னோரும், தகரப் பெட்டியில் பழம்புடவை சுற்றி விளக்கும் சொம்பும் கொண்டு வந்தனர். சிலர் இல்லங்களில் திருமணப் பரிசாக வந்த தஞ்சைத் தட்டு ஒன்று சுவரை அணி செய்தது. இன்று பேரப்பிள்ளைகள் அடுக்குமாடி வீடுகளுக்கு மாறுங்கால் அப்பொருள்கள் எடைக்கல்லின்முன் நிற்கின்றன. பங்கார்க் கடைக்காரர் கேட்பது ஒரே வினா: "எத்தனை கிலோ?" அவ்வினா ஒன்றே போதுமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மராட்டியர் வளர்த்த தமிழகக் கலை

சத்ரபதி சிவாஜியின் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பியாராகிய வெங்கோஜி 1676ஆம் ஆண்டளவில் தஞ்சையில் மராட்டிய அரசை நிறுவினார். அவர் வழிவந்த இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) காலத்தில் தஞ்சைக் கலைத்தட்டு உருப்பெற்றது என்பது மரபுவழிச் செய்தி. அங்ஙனமாயின், மராட்டிய மன்னர் ஆதரவில் தமிழகக் கம்மியர் கைவண்ணத்தில் பிறந்த கலை, தமிழ்க் குடும்பங்களுடன் மீண்டும் மராட்டிய மண்ணுக்கே, துக்காராம் பிறந்த தேஹுவின் அண்மைக்கே, வந்து சேர்ந்தது எனலாம். பிற்காலத்தில் சென்னை பி. ஓர் அண்டு சன்ஸ் போன்ற நிறுவனத்தார் தெய்வ உருவங்கள் பொறித்த வெள்ளிக்கலங்களை விற்றனர். அவற்றை மேனாட்டார் 'சுவாமி' வேலைப்பாடு என்றழைத்து விரும்பி வாங்கினர்.

அமைப்பும் அடையாளமும்

தஞ்சைத் தட்டு ஒரே உலோகத்தாலானது அன்று. அடித்தட்டு பித்தளை, அதன்மேல் செம்பும் வெள்ளியும் புடைப்புருவங்களாக அமையும். மெல்லிய தகட்டை அச்சின்மேல் வைத்துத் தட்டி உருவம் எழுப்புவர். பின்புறக் குழியை அரக்குக் கலவையால் நிரப்பி, அடித்தட்டில் வெட்டிய பள்ளத்தில் பொருத்தி, விளிம்பைச் சிற்றுளியால் அடித்து இறுக்குவர். நடுவில் தெய்வ உருவமும், சுற்றிலும் இதழ்வடிவக் கட்டங்களும் அமைவது வழக்கம்.

இம்முறையை அறிந்தால் பொருளை அறிவது எளிது. உருவத்தின் விளிம்பைக் காண்க: தகடு பள்ளத்தில் இறுகியுள்ளதா, வெறும் பசையால் ஒட்டப்பட்டுள்ளதா என்பது புலனாகும். மடிப்புகளின் ஆழத்தைக் காண்க: வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தால் கறுக்கும்; அலுமினியத் தகடு அவ்வாறு கறுப்பதில்லை. கண், நகை, ஆடை மடிப்பு ஆகியவற்றின் நுண்கோடுகளைக் காண்க: கைவேலையில் அவை கூர்மையாகவும் சிறிது வேறுபட்டும் இருக்கும். ஆயினும் கறுப்பு மட்டும் பழமைக்குச் சான்றாகாது. கறுப்பைச் செயற்கையாகவும் ஏற்றலாம். பல அடையாளங்கள் ஒருங்கே பொருந்தினால்தான் முடிவு கூறல் வேண்டும்.

புளியும் சாம்பலும் இட்டுத் தேய்ப்பது கோலக் குடத்துக்குப் பொருந்தும். தஞ்சைத் தட்டுக்குப் பொருந்தாது. தேய்க்கத் தேய நுண்கோடுகள் மழுங்கும். நெருப்பில் காட்டினால் அரக்கு உருகி உருவம் குலையும். மென்துணியால் தூசு துடைப்பதே சாலும்.

மதிப்பு யாது?

இத்தட்டில் வெள்ளி மெல்லிய தகடே. எடையில் பெரும்பகுதி பித்தளை. ஆகவே உருக்கினால் கிடைப்பது சிறிது, இழப்பதோ பெரிது. உலோகத்தின் விலை, கைவினையின் திறம், கெடாத நிலை, வந்த வரலாறு ஆகிய நான்கும் சேர்ந்ததே மதிப்பு. தராசு இவற்றுள் முதலாவதை மட்டுமே அறியும்.

இவ்வுண்மையை உணர்ந்த பெருமகனார் ஒருவர் நம் புனே நகரிலேயே வாழ்ந்தார். தினகர் கேல்கர் 1920ஆம் ஆண்டையொட்டித் திரட்டத் தொடங்கி, விளக்கு, பாக்குவெட்டி, பாத்திரம் என அன்றாடப் பொருள்களைச் சேர்த்து, 1962இல் அத்தொகுப்பை மராட்டிய அரசுக்கு அளித்தார். மறைந்த மைந்தன் ராஜாவின் பெயரால் அமைந்த அந்த அருங்காட்சியகத்தைக் காண்போர், அடுக்களைப் பொருளும் வரலாறாகும் என்பதை உணர்வர்.

வெளிநாட்டில் வாழும் மக்களுக்குப் பழம்பொருளை அனுப்ப விழைவோர் ஒன்றை நினைவிற்கொள்க. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூறாண்டு நிறைந்த கலைப்பொருள் தொல்பொருளாகும். தனியார் அதனை நாட்டைவிட்டு வெளியே கொண்டு செல்லல் ஆகாது.

பெயர் வெட்டிய பாத்திரம்

நம் வீட்டுப் பாத்திரங்களைக் கவிழ்த்தும் திருப்பியும் பார்ப்போமாக. கழுத்திலோ விளிம்பிலோ புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டப்பட்டிருக்கும். சிலவற்றில் ஊரும் ஆண்டும் இருக்கும். சீர் கொடுத்த தாய்மாமன் பெயராகவோ, பாட்டியின் பெயராகவோ அது இருக்கலாம். பல குடும்பங்களில் அப்பாட்டியின் பெயர் எழுத்தில் நிலைத்துள்ள ஒரே இடம் அச்சொம்பின் கழுத்தே ஆகும். உலையில் இட்டால் உலோகம் மீளும், பெயர் மீளாது.

எனவே, விற்கவே வேண்டியிருப்பினும் விற்குமுன் எழுத்தைப் படித்து, படம் எடுத்து, யார் தந்தது, எவ்வூரிலிருந்து வந்தது என மூத்தோரிடம் கேட்டுக் குறித்து வைப்போம். எடைக்கல் ஏறுமுன் நம் இளையோர் அவ்வரலாற்றை ஒருமுறையேனும் கேட்கட்டும்!