ஜூம்பா நடன உடற்பயிற்சி: முதல் வகுப்புக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

ஜூம்பா என்பது இலத்தீன் அமெரிக்க இசைக்கு ஏற்ப குழுவாக ஆடப்படும் உடற்பயிற்சி ஆகும். 1990-களில் கொலம்பியா நாட்டின் காலி நகரில் பெட்டோ பெரெஸ் என்னும் நடனப் பயிற்சியாளர் இதனைத் தொடங்கினார். சல்சா, மெரெங்கே, கும்பியா முதலிய நடனங்களின் அசைவுகள் இதில் இடம்பெறுகின்றன. முன்கூட்டியே நடனம் கற்றிருக்க வேண்டியதில்லை.

பயன் என்ன?

பெரியவர்கள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இவ்வகுப்பின் நேரத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டியவர்கள்

• இதய நோய் அல்லது கட்டுப்பாட்டில் இல்லாத உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள்
• பக்கவாதத்திலிருந்து மீண்டு வருபவர்கள்
• நீரிழிவினால் கண் அல்லது பாத நரம்பு பாதிக்கப்பட்டவர்கள்
• மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்
• கருவுற்ற பெண்கள்

நீரிழிவு உள்ளவர்கள் கவனத்திற்கு

இன்சுலினும் சில வகை நீரிழிவு மாத்திரைகளும் பயிற்சியின்போது இரத்தச் சர்க்கரையை மிகவும் தாழ்த்தக்கூடும். எனவே இவற்றைப் பயன்படுத்துவோர் வகுப்புக்கு முன் சர்க்கரையின் அளவைப் பரிசோதிக்க வேண்டும். அது 90 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால், மாவுச்சத்துள்ள சிற்றுணவு உண்ட பின்னரே ஆட வேண்டும். குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைக் கையில் வைத்திருப்பது அவசியம்.

சர்க்கரை தாழும்போது வியர்வை, நடுக்கம், படபடப்பு, சோர்வு ஆகியவை தோன்றும். இவை ஆடிய களைப்பைப் போலவே இருப்பதால் எளிதில் கவனிக்கப்படாமல் போகலாம். ஐயம் எழுந்தால் உடனே ஆட்டத்தை நிறுத்திச் சர்க்கரை உண்ண வேண்டும். வகுப்பு முடிந்து பல மணி நேரம் கழித்தும், இரவு உறக்கத்திலும்கூட அளவு தாழலாம்.

வகுப்பின்போது

• குதிகாலைத் தாங்கும் காலணி அணியவும். தண்ணீர் எடுத்துச் செல்லவும்.
• உங்கள் உடல்நிலையைப் பயிற்சியாளரிடம் முன்னதாகவே தெரிவிக்கவும்.
• முதல் நாளில் கால் அசைவுகளை மட்டும் பின்பற்றினால் போதும். குதித்தலையும் வேகமாகச் சுழலுதலையும் தவிர்க்கவும்.
• ஆடிக்கொண்டே பேச முடிந்தால் வேகம் சரியானது. ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க இயலாமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்கவும்.
• இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர் நாடித் துடிப்பை மட்டும் நம்பாமல், இந்தப் பேச்சு முறையைக் கடைப்பிடிக்கவும்.
• களைத்தால் திடீரென அமராமல், நின்ற இடத்திலேயே மெதுவாக நடந்து ஓய்வுக்கு வரவும். தலைசுற்றினால் உடனே அமரவும்.

பயிற்சியாளரின் வேகத்திற்கு ஈடுகொடுப்பது முதல் வகுப்பின் நோக்கம் அன்று. உங்கள் உடலுக்கு ஏற்ற அளவை அறிந்து திரும்புவதே நோக்கம்.

பராமரிப்பாளர்கள் கவனத்திற்கு

நெஞ்சுவலி அல்லது நெஞ்சு இறுக்கம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, கடும் மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் பயிற்சியை நிறுத்தி, 108 அவசர ஊர்தியை அழைக்கவும். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்கக் கூடாது.

வகுப்புக்குப் பின்

ஓரிரு நாட்கள் தசைவலி இருப்பது இயல்பு. மூட்டு வீங்கினாலோ, வலி குறையாவிட்டாலோ மருத்துவரை அணுகவும். நீரிழிவு உள்ளவர்கள் பாதங்களில் கொப்புளம், புண் உள்ளனவா என அன்றே பார்த்துக்கொள்ள வேண்டும்.